குட்டி ரயில் வாங்கப் போறீங்களா?

அண்ணா கொடுத்த மாடல் ரயில் தண்டவாளம் வீட்டில் இருந்தது. 'மலிவா கிடைக்குதே' என்று சீட்டுப் பணத்தில் பழைய எஞ்சின் ஒன்று வாங்கினேன். வைத்தால், சக்கரம் தண்டவாளத்துக்கு நடுவே விழுந்தது! பையன் முகம் வாடிப் போச்சு.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. எங்கள் தண்டவாளம் 'எச்.ஓ.' ரகம், இடைவெளி 16.5 மி.மீ. எஞ்சினோ 'என்' ரகம். அதற்கு 9 மி.மீ.தான்.

ஆகவே சகோதரிகளே, பேரம் பேசுமுன் ஸ்கேலால் அளந்து பாருங்கள். பழசு என்றால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எஞ்சின், பெட்டிகள், தண்டவாளம், கன்ட்ரோலர் சேர்ந்த செட்டாக வாங்கினால் பெரும்பாலும் லாபம். ஸ்டேஷனுக்கும் வீடுகளுக்கும் காசு எதற்கு? காலி அட்டைப் பெட்டியே போதும்.

இந்தத் தடவை அளந்துதான் வாங்கினேன். இப்போ எங்கள் கூடத்தில் ரயில் ஜோராக ஓடுது!