நாளைக் காலைக்குள் வேண்டும்

அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ வீட்டில் இருந்தபடியே மொழிபெயர்த்துச் சம்பாதிக்க ஒரு லேப்டாப்பும் இணைய இணைப்பும் போதும். பெங்களூரிலிருந்து வேலை வரும், லண்டனிலிருந்தும் வரும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் விளக்கத்தாள், வங்கிப் படிவம், செல்போன் செயலி, பயிர்க் காப்பீட்டு நிபந்தனைகள் என்று எதுவாகவும் இருக்கும். சம்பளம் கிடையாது, சொல் கணக்கில்தான் கூலி. கூடவே ஒரு கெடுவும் வரும், பெரும்பாலும் ‘நாளைக் காலைக்குள்’ என்று.

கெடு நெருக்கினால் வேலை வேகமாக நடக்கும் என்று வேலை கொடுப்பவர்கள் நம்புகிறார்கள். ஓரளவுக்கு அது உண்மைதான். 1908-ல் யெர்க்ஸ், டாட்ஸன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் எலிகளை வைத்துச் செய்த சோதனை இன்றும் பேசப்படுகிறது. எளிய வேலைக்கு நெருக்கடி கூடக்கூடக் கற்கும் வேகமும் கூடியது. கடினமான வேலைக்கோ கொஞ்சம் நெருக்கடி உதவியது, அதற்குமேல் போனதும் கெடுத்தது. கெடுவே இல்லாவிட்டால் நம்மில் பலர் முதல் பக்கத்தையே மாதக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்போம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திருச்சுழியில் பிறந்த ரமணர் தாம் தமிழில் பாடிய ‘உபதேச உந்தியார்’ நூலைத் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் மலையாளத்திலும் தாமே ஆக்கித் தந்தார். அவரிடம் எந்த மொழிபெயர்ப்பு ஏஜென்சியும் கெடு வைக்கவில்லை. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கணக்கைப் பார்ப்போம். முழுநேரமாக இதைச் செய்பவர் ஒரு நாளில் 2,000 முதல் 2,500 சொற்கள் வரை மொழிபெயர்ப்பார் என்பது தொழிலில் பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. கலைச்சொல் தேடுவது, ஐயம் கேட்பது, முடித்ததைத் திரும்பப் படிப்பது எல்லாம் இதில் அடக்கம். ஒருவரிடம் ஒரே நாளில் 5,000 சொல் கேட்டால் அவர் எங்கிருந்து கொடுப்பார்? தட்டச்சு வேகம் இரட்டிப்பாகாது. தேடுவதைக் குறைப்பார், ஐயத்தைக் கேட்காமல் விடுவார், திரும்பப் படிப்பதை அடியோடு கைவிடுவார். வெளியே வேகம் கூடியதுபோல் தெரிவதில் பெரும்பங்கு இப்படி விட்டுவிட்ட வேலைதான்.

தமிழுக்கு மொழிபெயர்ப்பவருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலச் சட்ட வாக்கியம் யார் என்ன செய்ய வேண்டும், செய்யக் கூடாது என்பதைப் பெரும்பாலும் முன்னாலேயே சொல்லிவிட்டு, நிபந்தனைகளைப் பின்னால் அடுக்கும். தமிழில் வினை கடைசியில் வரும். நாற்பது சொல் கொண்ட வாக்கியத்தை முழுதாகப் படித்து, மனதில் நிறுத்தி, பின்னாலிருந்து அவிழ்த்துக் கட்ட வேண்டும். அப்படி மனதில் ஏந்திவைக்கும் இடம் சிறியது. களைப்பும் அவசரமும் சேர்ந்தால் அது இன்னும் சுருங்கும். அப்போது மொழிபெயர்ப்பவர் வாக்கியத்தைத் துண்டு துண்டாக, வந்த வரிசையிலேயே போடத் தொடங்குவார். நடை ஆங்கில நடையாகிவிடுவது அதில் சின்னக் கேடு. நிபந்தனைகளைக் கடந்து கடைசி வினைக்கு வரும்போது தொடக்கத்தில் இருந்த எதிர்மறை மறந்துபோய், ‘கட்டத் தேவையில்லை’ என்பது ‘கட்ட வேண்டும்’ ஆகிவிடுவது பெரிய கேடு. மில்லியனை லட்சமாக்கும்போது ஒரு சுழி தவறுவது, பத்தியின் நடுவில் ஒரு வரி விடுபடுவது, மூன்றாம் பக்கத்தில் ஒரு கலைச்சொல்லும் ஒன்பதாம் பக்கத்தில் அதற்கே வேறு சொல்லும் வருவது எல்லாம் இதே வகைப் பிழைகள். மொழி தெரியாததால் வருபவை அல்ல இவை. நல்ல மொழிபெயர்ப்பாளர்களும் இரவு ஒரு மணிக்குச் செய்பவை.

தன் தரம் இறங்குவது செய்பவருக்கே தெரிவதில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் கவலை தருவது. ஜெனீவாவில் பார்பரா மோஸர்-மெர்சரும் இரு சக ஆய்வாளர்களும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பேசப் பேச உடனுக்குடன் மொழிபெயர்க்கும் உரைபெயர்ப்பாளர்களை வழக்கமான அரைமணி நேரத்தைத் தாண்டியும் பேச வைத்தார்கள். பொருட்பிழைகள் கூடின. பேசியவர்களோ தங்கள் வேலை கெட்டுவிட்டதைச் சரியாக உணரவில்லை. நியூரம்பெர்க் விசாரணை 1945-ல் தொடங்கியபோதே இந்த ஆபத்தை அறிந்துதான் ஏற்பாடு செய்திருந்தார்கள். உரைபெயர்ப்பாளர்கள் குழுகுழுவாக 85 நிமிடத்துக்கு ஒருமுறை மாறினார்கள். பேசுபவர் வேகமாகப் போனால் எரிய ஒரு மஞ்சள் விளக்கு இருந்தது. எழுதி மொழிபெயர்ப்பவர் மேசையில் அப்படி ஒரு விளக்கு இல்லை.

அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்கும் உருப்படிக் கணக்கில்தான் கூலி, தீபாவளி நெருங்கினால் அவசரமும் உண்டு. ஆனால் அறுந்த இழையை முடிச்சிடாமல் ஓட்டிவிட்டால், சேலையை விரித்துப் பார்ப்பவர் கண்ணில் அது பட்டுவிடும். மொழிபெயர்ப்பை வாங்குபவருக்கோ பல நேரம் தமிழே தெரியாது. சொன்ன நேரத்தில் கோப்பு வந்ததா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். ஒரு மணி நேரம் தாமதித்தால் அடுத்த வேலை போய்விடும், பத்துப் பிழை விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. இந்த நிலையில் நேர்மையான ஆளும் தரத்தை விட்டு நேரத்தைப் பிடித்துக்கொள்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிழையின் விலையைக் கொடுப்பவர் கடைசி வாசகர். 2018 மே மாத நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருப்பதாக வழக்கு வந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம், கேள்விக்கு நான்காக 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லி ஜூலை 10 அன்று உத்தரவிட்டது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்து, நவம்பரில் ரத்தும் செய்துவிட்டது. தமிழில் எழுதிய மாணவருக்குக் கடைசியில் எதுவும் கிடைக்கவில்லை. 180 கேள்விகள் கொண்ட அந்தத் தாளை, பாடமும் தமிழும் தெரிந்த இன்னொருவர் நிதானமாக ஒருமுறை படிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு பகல் போதும்.

அந்த இரண்டாவது கண்ணைத்தான் 2015-ல் வந்த ஐஎஸ்ஓ 17100 என்ற உலகத் தரவிதி கட்டாயமாக்குகிறது. மொழிபெயர்த்தவர் அல்லாத வேறொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். கூலியும் கெடுவும் குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் இதுவே.

இப்போது இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தித் தரும் வேலைதான் அதிகம் வருகிறது. கூலி குறைவு, கேட்கும் அளவு மிக அதிகம். இயந்திரம் தரும் தமிழ் முன்பைவிடச் சரளமாக இருப்பதால் ஆபத்தும் கூடுதல். சரளமான வாக்கியத்தின்மேல் களைத்த கண் வழுக்கிக்கொண்டு போய்விடும், உள்ளே பொருள் தலைகீழாக இருந்தாலும்.

இனி நடைமுறைக்கு வருவோம். நடு ஐரோப்பிய ஏஜென்சி குளிர்காலத்தில் தன் மாலை ஐந்து மணிக்கு அனுப்பும் வேலை நமக்கு இரவு ஒன்பதரைக்கு வந்து சேரும். அவர்களுடைய காலை ஒன்பது மணி நமக்குப் பகல் ஒன்றரை. பதினாறு மணி நேரம் இருப்பதுபோல் தோன்றும். இரவையும் காலை வீட்டு வேலைகளையும் கழித்தால் மிஞ்சுவது அரை நாள், சுமார் 1,200 சொல். மின்தடையை இன்னும் கழிக்கவில்லை. இதைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகு பதில் எழுதுங்கள். முடியாது என்று சொல்லத் தயங்கினால், ‘இன்று இவ்வளவு, மீதி நாளை மறுநாள்’ என்று பிரித்துக் கேளுங்கள். பல ஏஜென்சிகள் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்கள் கெடு சொல்லும்போது தங்களுக்கென்று கொஞ்சம் முன்னெச்சரிக்கை நேரம் ஒதுக்கிக்கொள்வது உண்டு. இரவு வேலைக்குக் கூடுதல் கூலி கேட்பதும் தொழிலில் வழக்கம்தான்.

அப்படியும் நேரம் போதாமல் கடைசிப் பத்து நிமிடம்தான் கையில் இருக்கிறது என்றால், நடையைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருக்காதீர்கள். எண்களையும் தேதிகளையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். எதிர்மறை உள்ள ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி வினையையும் பாருங்கள். வரி எதுவும் விடுபட்டிருக்கிறதா என்று பத்திகளை எண்ணுங்கள். பிறகு அனுப்புங்கள்.