சார்... நீங்க எங்கேயோ போயிட்டீங்க!

சிரிப்பு போலீஸ் பராக்... பராக்!

காலேஜ் கேன்டீன். பாதி டீ, ஒரு சமோசா, நாலு பேர். அதில் ஒருத்தன் ரொம்ப யோசிச்சு, "மச்சி, ஹெச்.ஓ.டி. ரூம் பூட்டியிருக்கு. அப்படின்னா அவர் உள்ளே இல்லைடா!" என்று அரிய கண்டுபிடிப்பு ஒன்றை வெளியிடுவான். அடுத்த செகண்டே எதிர் சீட்டிலிருந்து விழும் பாருங்க ஒரு டயலாக்... "தெய்வமே, எங்கேயோ போயிட்டீங்க!"

இதை நாம தினமும் பத்து தடவையாவது யூஸ் பண்றோம். ஆனா, இந்த டயலாக் வந்த படம் ரிலீஸானப்போ நம்மில் ஒருத்தர்கூட பிறந்திருக்க மாட்டோம். 1989, ஏப்ரல் 14. தமிழ்ப் புத்தாண்டு ரிலீஸ். 'அபூர்வ சகோதரர்கள்'. சிங்கீதம் சீனிவாச ராவ் டைரக்‌ஷன், இளையராஜா மியூசிக், குள்ள அப்புவாகவும் மெக்கானிக் ராஜாவாகவும் கமல். கமல் எப்படிக் குள்ளமானார்னு ஊரே மண்டையைப் பிய்ச்சுக்கிட்ட படம். அந்த அதிசயத்துக்குப் பக்கத்திலேயே நின்னு ஸ்கோர் பண்ணிட்டுப் போனது ஒரு ஜோடி. இன்ஸ்பெக்டர் ஜனகராஜ். அவர் வாயைத் திறந்தாலே உருகிப்போற கான்ஸ்டபிள் ஆர்.எஸ்.சிவாஜி.

டயலாக் கிரேஸி மோகன். கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் மெக்கானிக்கல் படிக்கும்போதே, 1972-ல் காலேஜ் மேடைக்காக நாடகம் எழுதினவர். அதாவது, நம்ம கேஸ்தான்... கல்ச்சுரல்ஸில் கிளம்பி சினிமாவில் செட்டில் ஆனவர்!

முதல்ல முடிவு... அப்புறம்தான் சாட்சி!

படத்தைப் பார்க்காதவங்களுக்காக ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். சேதுபதி ஒரு நேர்மையான போலீஸ் அதிகாரி. தப்பு பண்ற நாலு பெரிய மனுஷங்க மேல கை வெச்சதுக்காகக் கொல்லப்படுறார். அவருக்குப் பிறக்கிற ரெட்டைக் குழந்தைகள் பிரிஞ்சு வளர்றாங்க. சர்க்கஸில் ஜோக்கராக வளர்ற அப்புவுக்கு உண்மை தெரிஞ்சதும் ஒவ்வொருத்தரா போட்டுத் தள்றார். ஒருத்தருக்கு உருண்டு போற பந்து, அம்புனு சங்கிலித்தொடர் ஏற்பாடு. இன்னொருத்தருக்கு சர்க்கஸ் புலி!

இப்படி வித்தியாசமா நடக்கிற கொலைகளைத் துப்பு துலக்க வர்றார் நம்ம இன்ஸ்பெக்டர். அவரோட ஸ்டைலே தனி. சாதாரண போலீஸ் சாட்சியைத் தேடி, அதிலிருந்து முடிவுக்கு வரும். இவர் முடிவோடதான் ஜீப்பை விட்டே இறங்குவார். சாட்சியெல்லாம் அந்த முடிவுக்குத் தகுந்த மாதிரி கையைக் காலை மடக்கி உட்கார்ந்துக்கணும். அதைக் கேட்டு கான்ஸ்டபிள் மெய்மறந்து புகழ, இன்ஸ்பெக்டருக்கு இன்னும் ரெண்டு இன்ச் நெஞ்சு விரியும்.

கவனிச்சுப் பாருங்க... ஜனகராஜ் தனியா நின்னு உளறியிருந்தா அது பாதி காமெடிதான். மீதிப் பாதியை முடிச்சுக் கொடுக்கிறது சிவாஜியோட முகம். அதில் நக்கல் இல்லை. நிஜமாவே பக்தி! மேலதிகாரி எது சொன்னாலும் "ஆஹா" போட ஒரு ஆள் பக்கத்தில் இருந்தா, எந்த முட்டாள்தனமும் தியரி ஆகிடும்ங்கிறதை ரெண்டு பேரும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிட்டாங்க. (உங்க புராஜெக்ட் டீமில் இப்படி ஒரு ஜோடி இல்லைன்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க பார்ப்போம்!)

இன்னொரு விஷயமும் இருக்கு. ஒரே படத்தில் ரெண்டு காக்கிச் சட்டை. நேர்மையா நின்ன சேதுபதி ஆரம்பத்திலேயே காலி. அவர் விட்டுப்போன இடத்தில், வருஷங்கள் கழிச்சு வந்து நிக்கிறது இந்தக் கோமாளி இன்ஸ்பெக்டர். நாம விழுந்து விழுந்து சிரிக்கும்போது கதை நம்ம காதில் ஓதுற சேதி கொஞ்சம் கசப்புதான்.

பாரிஸில் ஒரு அண்ணாச்சி!

நம்ம ஜனகராஜுக்கு உலக அளவில் ஒரு சீனியர் உண்டு. இன்ஸ்பெக்டர் கிளூஸோ! 1963-ல் பிளேக் எட்வர்ட்ஸ் எடுத்த 'தி பிங்க் பேந்தர்' படத்தில் முதல் என்ட்ரி. நியாயமாப் பார்த்தா அந்தப் படத்தின் ஹீரோ, திருடனாக வர்ற டேவிட் நிவன். ஆனா, கதவில் முட்டி, கைக்குக் கிடைச்சதை உடைச்சு, படத்தையே திருடிட்டுப் போனவர் கிளூஸோவாக வந்த பீட்டர் செல்லர்ஸ்.

அடுத்த வருஷமே, 1964-ல் 'எ ஷாட் இன் தி டார்க்'. ஒரு மாளிகையில் கொலை. வேலைக்காரப் பொண்ணு கையில் புகையுற துப்பாக்கி. சின்னக் குழந்தைகூட கேஸை முடிச்சிடும். ஆனா, கிளூஸோவுக்கு அந்தப் பொண்ணு மேல லவ்ஸ்! "இவ பண்ணியிருக்க மாட்டா" என்று ரிலீஸ் பண்றார். வெளியே வந்ததும் இன்னொரு கொலை. திரும்பவும் ரிலீஸ். திரும்பவும் கொலை! நடுவில் அவளை ரகசியமா ஃபாலோ பண்றதுக்காக பலூன்காரனா மாறுவார்... லைசென்ஸ் இல்லாம பலூன் வித்ததுக்காக போலீஸே அவரை வண்டியில் ஏத்தும். படம் விற்கிற ஓவியரா மாறுவார்... அதுக்கும் லைசென்ஸ் இல்லை, அதே வண்டி! ஒரு இன்ஸ்பெக்டர் சொந்த டிபார்ட்மென்ட்டிடமே மாட்டிக்கிட்டு முழிக்கிற அந்த சீன்களைப் பார்த்தா, வயிறு புண்ணாகிடும்.

இங்கேதான் ரெண்டு பேருக்கும் ஒரு வித்தியாசம். கிளூஸோ, எல்லாரும் கை காட்டுற ஆளை நிரபராதின்னு நம்புறார். ஜனகராஜ், ஒரு நிரபராதியைக் குற்றவாளின்னு நம்புறார். அப்பு செய்யிற கொலைகளுக்குப் பழி விழறது ராஜா தலையில். ஏன்? முகம் ஒரே மாதிரி இருக்கு. அவ்வளவுதான் ஆதாரம்!

கூத்திலேயே இருக்காரே!

'இது வெள்ளைக்காரன் ஃபார்முலா'ன்னு யாராவது சீன் போட்டா நம்பாதீங்க. நம்ம தெருக்கூத்தில் கட்டியங்காரன்னு ஒருத்தர் வருவார். ராஜா வர்றதை அறிவிக்கிற காவல்காரர் அவர்தான். கூத்தின் கோமாளியும் அவரேதான்! ராஜாவை வரவேற்கிற வாயாலேயே ராஜாவை வாரிவிடுவார். அரண்மனைக் காவலையும் கேலியையும் ஒரே ஆள்கிட்ட கொடுத்த ஊர் இது.

அந்த வரிசையில்தான் 2007-ல் 'மருதமலை' படத்தில் என்கவுன்டர் ஏகாம்பரமா வடிவேலு வந்தார். பேரில் மட்டும்தான் என்கவுன்டர்! 2018-ல் 'தமிழ்ப்படம் 2'-ல் மிர்ச்சி சிவா, பஞ்ச் பேசுற போலீஸ் ஹீரோக்கள் அத்தனை பேரையும் ஒரே காக்கிச் சட்டைக்குள் போட்டு வறுத்தெடுத்தார். விறைப்பா நிக்கிற தொப்பி கொஞ்சம் சாயும்போது வர்ற சிரிப்புக்கு எப்பவுமே மவுசுதான்.

ராயபுரம் தாண்டினா நோ காமெடி?

சரி, இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். சினிமாவில் வட சென்னைக்குன்னு ஒரு ரெடிமேட் பேக்கேஜ் இருக்கு. ஹார்பர் கிரேன், காசிமேடு படகு, இடுப்பில் ஒரு அருவாள், தெருவில் ஒரு துரத்தல். 'பொல்லாதவன்' (2007), 'மெட்ராஸ்' (2014), 'வட சென்னை' (2018)னு நல்ல படங்களே நிறைய வந்திருக்கு. மறுக்கலை. 'சென்னை 600028'-ல் (2007) 'ராயபுரம் ராக்கர்ஸ்' டீம் வந்து கிரிக்கெட்டில் அசத்தின மாதிரி ஜாலியான விசிட்டும் உண்டு. ஆனா கூட்டிக் கழிச்சுப் பார்த்தா, இந்தப் பக்கம் கேமரா வந்தா கூடவே ரத்தமும் வந்துடுது.

அதோட பலன் யாருக்கு? திருவொற்றியூரில் இருந்து ஏறி, பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா காலேஜுக்கோ, வியாசர்பாடி அம்பேத்கர் காலேஜுக்கோ போற பையனுக்கு! இன்டர்வியூவில் அட்ரஸ் கேட்பாங்க. "எண்ணூர்"னு சொன்னதும் எதிரே இருக்கிறவர் புருவம் ஒரு மில்லிமீட்டர் ஏறும். நைட் பைக்கில் வந்தா செக்கிங்கில் மத்தவங்களுக்கு ரெண்டு கேள்வி, இவனுக்கு ஏழு கேள்வி. படத்தில் ராஜா மாட்டினது முகத்தால. இவன் மாட்டுறது பின்கோடால!

இத்தனைக்கும் ராஜா மாதிரி மெக்கானிக்குகளோட கோட்டை இந்த ஏரியா. புல்லட் பைக் 1950-களிலேயே தயாரான இடம் திருவொற்றியூர். அசோக் லேலண்ட் லாரி உருண்டு வந்தது எண்ணூரில் இருந்து. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் புறப்பட்டது ராயபுரம் ஸ்டேஷனில். 'வட சென்னை' படத்தில் தனுஷ் கேரம் பிளேயரா வருவாரே... நிஜத்தில் 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூணு தங்கம் தட்டின காஸிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ டிரைவரின் மகள். ரவுடி லிஸ்ட்டைத் தேடுற கேமரா, இந்த லிஸ்ட்டையும் கொஞ்சம் தேடலாம்ல?

அதே கதை... சிரிப்பு மட்டும் மிஸ்ஸிங்!

வெற்றிமாறனின் 'விசாரணை' 2016-ல் தியேட்டருக்கு வந்தது. கோயம்புத்தூர் ஆட்டோ டிரைவர் மு.சந்திரகுமார், தான் பட்டதை எழுதின 'லாக்கப்' நாவல்தான் அடிப்படை. குண்டூர் பார்க்கில் படுத்துத் தூங்குற தமிழ்நாட்டுப் பசங்களைத் திருட்டுக் கேஸில் தூக்கிட்டுப் போவாங்க. மேலிடத்திலிருந்து பிரஷர். கேஸை முடிக்கணும். முடிவு முதல்லயே ரெடி. ஒப்புக்கிறதுக்கு ஆள்தான் வேணும். அடி விழும்.

இப்ப ஜனகராஜை நினைச்சுப் பாருங்க. அவரும் முடிவோடதான் வந்தார். சாட்சியை அதுக்குத் தகுந்த மாதிரி வளைச்சார். பக்கத்தில் "ஆஹா" போட ஆள் இருந்தது. கதை ஒண்ணுதான் பாஸ்! அங்கே வயிறு வலிக்கச் சிரிச்சோம். இங்கே தியேட்டரை விட்டு வெளியே வந்தும் பேச்சு வரலை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடிச்சுட்டுப் போன அப்பாவும் மகனும் உயிரோடு வீடு திரும்பலையே... அது படம்கூட இல்லை.

அதனாலதான் கோமாளி இன்ஸ்பெக்டர் முக்கியம்னு தோணுது. தப்பான விசாரணை எப்படி இருக்கும்னு பயமில்லாம காட்டிக் கொடுக்கிற வாத்தியார் அவர். ஆதாரம் இல்லாத உறுதியைப் பார்த்துச் சிரிக்கப் பழகினவன், நிஜத்தில் அதே உறுதி எதிரே வந்து நின்னா, "சார், எதை வெச்சு சொல்றீங்க?" என்று மரியாதையா ஒரு கேள்வி கேட்பான். அந்த ஒரு கேள்வியைத்தான் படம் முழுக்க அந்தக் கான்ஸ்டபிள் கேட்கவே இல்லை!

சந்தேகக் கேஸா? இதைத் தெரிஞ்சுக்குங்க!

* கைது பண்ற போலீஸ் தன் பேரும் பதவியும் தெளிவா தெரியிற மாதிரி பேட்ஜ் போட்டிருக்கணும். டி.கே.பாசு வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

* எதுக்காகக் கைதுங்கிற காரணத்தைச் சொல்லியே ஆகணும். தேதி, நேரம் போட்டு கைதுக் குறிப்பு எழுதி, சாட்சி கையெழுத்து, உங்க கையெழுத்து வாங்கணும்.

* வீட்டுக்கோ ஃப்ரெண்டுக்கோ தகவல் போகணும். விரும்பின வக்கீலைப் பார்க்கிறது உங்க உரிமை.

* பயண நேரம் தவிர்த்து 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். இது அரசியல் சட்டத்திலேயே இருக்கு.

* லாக்கப் உட்பட எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்கச் சொல்லி 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டிருக்கு.

கிளாப் அடிங்க மக்களே!

கிரேஸி மோகன் 2019-ல் விடைபெற்றார். கான்ஸ்டபிள் சிவாஜி 2023 செப்டம்பரில். அவர் கடைசி வருஷங்களில் நடிச்ச 'கார்கி' (2022) படத்தைத் தேடிப் பாருங்க. அதில் அவர் போலீஸால் கைது செய்யப்படுற ஒரு அப்பா. 33 வருஷம் முன்னாடி இன்ஸ்பெக்டரைப் பார்த்து உருகின அதே கண்கள், இதில் கூண்டுப் பக்கம் நிக்கும். சிரிக்க வெச்ச மனுஷன் நம்மை உறைய வெச்சுட்டுப் போயிட்டார்.

இப்ப பால் நம்ம கோர்ட்டில். கையில் மொபைல் கேமரா, கூட நாலு ஃப்ரெண்ட்ஸ்... ஷார்ட் ஃபிலிம் எடுக்கிற மக்களே, வட சென்னைக்குன்னு ஒரு கோமாளி இன்ஸ்பெக்டரை உருவாக்குங்களேன்! லொகேஷனுக்கா பஞ்சம்? எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டி நிக்கிற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குற்றவாளியைத் தேடி, சுத்திச் சுத்தி அதே லாரிக்கே வந்து சேரட்டும். காசிமேடு ஏலத்தில் மாறுவேஷத்தில் நின்னு, தெரியாம கையைத் தூக்கி ஒரு கூடை வஞ்சிரத்தை ஏலம் எடுத்துட்டு முழிக்கட்டும். அட்ரஸைப் பார்த்தே ஒரு பையனை ஜீப்பில் ஏத்தட்டும்... அந்தப் பையன் ஃபைனல் இயர் பி.காம். புக்கைப் பிரிச்சு வண்டியிலேயே படிச்சுக்கிட்டு வரட்டும்.

ஒரே ஒரு கண்டிஷன். இந்தத் தடவை பக்கத்தில் இருக்கிற கான்ஸ்டபிள் புகழக் கூடாது. இன்ஸ்பெக்டர் தியரியைச் சொல்லி முடிச்சதும், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே, "சார்... சாட்சி எங்கே சார்?" என்று அப்பாவியா கேட்கணும்.

அப்படி ஒரு படம் எடுத்துக் காட்டுங்க. அப்புறம் நாங்க சொல்றோம்... "தெய்வமே, நிஜமாவே எங்கேயோ போயிட்டீங்க!"