அயன்மொழியாளர் தமிழ் பயின்ற நெறி

மக்கள் ஒரு மொழியை அடையும் வழி இரண்டாகும். ஒன்று, தாய்மடியில் இருந்து, பொருள் இன்னதென உணருமுன்னரே செவிவழியாக அடைவது. மற்றொன்று, அறிவு முதிர்ந்த பின்னர் ஆசிரியரையும் நூலையும் துணைக்கொண்டு முயன்று அடைவது. முன்னது எளிதில் வருவதாகலின் அதனை உடையார் அதன் அருமையை அறிவதில்லை. பின்னதோ உழைப்பையும் நாணத்தையும் விலையாகக் கொடுத்துப் பெறுவதாகும். இவ்விரண்டனுள் பின்னதைப்பற்றியே ஈண்டுச் சில கூறத் துணிந்தோம். அதற்குக் காரணமாயது நம் விடுதியில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி.

விடுதியில் நம்மோடு உடனுறையும் நண்பர் ஒருவர் மிசோரம் மாநிலத்தினின்று வந்தவர்; மிசோ மொழியே அவர்தம் தாய்மொழி. வந்த சில திங்களில் அவர் தமிழ் வாசக நூலொன்றை வாங்கி, இரவில் நெடுநேரம் விழித்திருந்து பயின்றார். ஒருநாள் மாலை கல்லூரி வாயிலின் எதிரேயுள்ள தேநீர்க் கடையில், "ஐயா, எனக்கு ஒரு குவளை தேநீர் வேண்டும், சர்க்கரை சற்றுக் குறைவாக இருத்தல் வேண்டும்" என்றார். கடையிலிருந்தார் அனைவரும் நகைத்தனர். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் நாமோ அவர்கள் எல்லாரினும் உரக்க நகைத்தோம். அன்றிரவு அவர் நம்மை நோக்கி, "நான் கூறியதில் பிழை யாது?" என்று வினவினார். ஆராய்ந்து பார்த்தோம், பிழை ஒன்றுமில்லை. "பிழையில்லையேல் நகைத்தது ஏன்?" என்றார். அதற்கு விடை கூற இயலாது வாளாவிருந்தோம். அதன்பின் மூன்று வாரம் அவர் எவரிடத்தும் தமிழில் ஒரு சொல்லும் பேசினாரல்லர். நம் நகைப்பினும் அவருடைய மௌனமே நம்மை மிக வருத்தியது. ஆகவே, முற்காலத்தே பிறநாட்டினின்று போந்து தமிழ் கற்றோர் எங்ஙனம் கற்றனர், அவர்க்கு யாவர் துணைநின்றனர் என்பதனை நூலகத்தில் தேடலாயினோம். கண்டவற்றைத் தொகுத்துக் கூறுகின்றோம்.

முதற்கண் நினைத்தற்குரியார் தூய சவேரியார். இவர் 1542 ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். அப்பொழுது ஐரோப்பியர் தமிழ் கற்றற்கு இலக்கணமோ அகராதியோ அச்சு நூலோ யாதுமில்லை. ஆகவே அவர், தமிழும் போர்த்துகீசியமும் ஓரளவு அறிந்த சிலரைக் கூட்டி, செபங்களைத் தமிழில் ஆக்குவித்து, அவற்றை அவ்வாறே நெட்டுருச் செய்து, கையில் மணியுடன் ஊர்தோறும் சென்று சொல்லிக்கொடுத்தார். இது செவியும் நாவும் மட்டும் தொழிற்படும் முறை. இதன் இடர்ப்பாடு விரைவில் வெளிப்பட்டது. 'விசுவசிக்கிறேன்' என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் மொழிபெயர்த்தோர் 'வேணும்' என்னும் சொல்லை அமைத்துவிட்டனர். இப்பிழையை உணர்ந்த சவேரியார், 1544 ஆம் ஆண்டு தம் உடனூழியர் ஒருவர்க்கு எழுதிய கடிதத்தில் அச்சொல்லை மாற்றிச் சொல்லும்படி பணித்தார். பொருளறியாது நெட்டுருச் செய்த மொழி எத்துணை எளிதில் வழுக்கும் என்பதற்கு இது சான்றாகும். ஆயினும், அப்பிழையை மறையாது எடுத்துரைத்துத் திருத்த முற்பட்டமையே மொழி கற்பார்க்கு வேண்டிய முதற்பண்பு என்க.

அடுத்து வந்தவர் போர்த்துகல் நாட்டு எண்ரீக்கஸ் அடிகளார். 1546 ஆம் ஆண்டு இந்தியாவிற்கு வந்து, புன்னைக்காயலையும் அதனைச் சூழ்ந்த கடற்கரை ஊர்களையும் இருப்பிடமாகக் கொண்ட இவர், மொழிபெயர்ப்பாளரை நம்பியிருத்தல் தகாது எனத் துணிந்தார். இவர் கைக்கொண்ட முறை வேறு. தாம் முன்னரே நன்கறிந்த இலத்தீன் இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு, இம்மொழியில் வேற்றுமை எங்ஙனம் வரும், காலம் எங்ஙனம் காட்டும், எவல் எவ்வடிவினது என ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்து ஒழுங்குபடுத்தினார். அக்குறிப்புகளே ஐரோப்பியர் ஒருவர் இயற்றிய முதல் தமிழிலக்கணமாக அமைந்தன. அதன் கையெழுத்துப் படி இன்றும் லிஸ்பன் நகரத்து நூலகத்தில் உளது. சில திங்களில் மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசும் நிலையை அவர் எய்தினார். 1578 ஆம் ஆண்டு கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தந்ததே. பதினாறே பக்கங்களையுடைய அச்சிறுநூல், தமிழெழுத்தில் அச்சாகி இன்று கிடைப்பவற்றுள் முதலாவது ஆகும்.

அயலார் இங்ஙனம் விதி தேடும்பொழுது, தாய்மொழியாளர் ஒருநாளும் எண்ணாத செய்திகள் பல வெளிப்படுகின்றன. 'நாம் போவோம்' என்பதற்கும் 'நாங்கள் போவோம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நோக்குக. முன்னது கேட்பாரையும் உளப்படுத்தும். பின்னது அவரை விலக்கும். தமிழ்க்குழந்தை இதனை ஐந்து வயதிற்குள் பிழையின்றி ஆளும். ஆயினும் விதி யாதென வினவினால் முதியோரும் திகைப்பர். 'ஓடினான், பாடினான்' என்று வருவதுபோல 'நடினான்' என்று வாராது 'நடந்தான்' என்று வருவதும், 'படித்தான்' என்று வல்லெழுத்து மிகுவதும் அத்தகையனவே. நம் மிசோ நண்பர் இதனைக் கேட்டபோது, நன்னூல் வகுப்பில் இறந்தகால இடைநிலைகளைப் பயின்ற பின்னரன்றோ விடை கூற இயன்றது! தாய்மொழியை நாம் உடையோம் என்பது மெய். அதனை அறிவோம் என்பது வேறு.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1606 ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இத்தாலியராகிய தத்துவபோதகர் தமிழோடு வடமொழியும் தெலுங்கும் கற்றனர். அவரைப்பற்றி விரித்துரையாது, தரங்கம்பாடி சென்ற சீகன்பால்கு ஐயர் வரலாற்றைக் காண்போம். மொழி கற்கும் நெறி அவரிடத்து மிகத் தெளிவாக விளங்குகின்றது.

செருமனி நாட்டவராகிய இவர், டேனியர் ஆட்சிக்குட்பட்டிருந்த தரங்கம்பாடியை 1706 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9 ஆம் நாள் அடைந்தார். அந்நாளில் அவர்க்கு வயது ஏறத்தாழ இருபத்துநான்கு. முதியவராகிய ஒரு திண்ணைப்பள்ளி ஆசிரியரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்துமாறு வேண்டி, சிறுபிள்ளைகளோடு தாமும் தரையிலமர்ந்து, மணலில் விரலால் அகரம் முதலாக எழுதிப் பயின்றார். பல்கலைக்கழகத்தில் இறைநூல் கற்றவர் மழலைப்பிள்ளைகளின் வரிசையில் அமர்ந்த அக்காட்சியை எண்ணிப் பார்மின்! எழுத்து விரைவில் வயமாயிற்று. ஆனால் சொற்பொருள் விளங்கவில்லை. ஏனெனில், ஆசிரியர் அறிந்தது தமிழ் ஒன்றே. மாணவர் அறியாததும் அதுவே. எழுத்தறிதல் வேறு, மொழியறிதல் வேறு என்பதை ஐயர் இங்குக் கண்டார். அக்காலத்தே கடற்கரைப் பட்டினங்களில் வாணிகத்தின்பொருட்டுப் போர்த்துகீசியம் பொதுமொழியாக வழங்கிற்று. ஆதலின் அதனையும் ஐயர் கற்று, ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பழக்கமுடைய அழகப்பர் என்னும் தமிழரைத் துணையாகப் பெற்றார். அதன்பின்னரே சொற்கள் பொருளோடு வந்தன.

அவர் வகுத்துக்கொண்ட நாளொழுங்கும் கருதத்தக்கது. முன்னர்க் குறித்த சொற்களையும் தொடர்களையும் காலையில் மீட்டும் ஓதுவார். பின்னர் எட்டு மணி முதல் நண்பகல் வரை, தாம் முன்பு வாசியாத தமிழ் நூல்களையே வாசிப்பார். முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருப்பர். புதுச்சொல்லோ புதுவழக்கோ வந்துழியெல்லாம் எழுத்தர் அதனைக் குறித்துக்கொள்வர். இவ்வாறு ஏட்டுச்சுவடிகளைத் தொகுத்தும் படியெடுப்பித்தும் பயின்று, தாம் திரட்டிய நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களின் விவரப் பட்டியலை 1708 ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1714 ஆம் ஆண்டு ஐரோப்பாவிற்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரையும் உடனழைத்துச் சென்றார். அவர் இலத்தீனில் இயற்றிய தமிழிலக்கணம் 1716 ஆம் ஆண்டு ஆலே நகரில் அச்சாயிற்று. 1719 ஆம் ஆண்டு, தம் முப்பத்தாறாம் வயதில் அவர் தரங்கம்பாடியில் மறைந்தார்.

இனி, நம் நண்பர் வினாவிற்கு நேர் விடை தந்தவர் வீரமாமுனிவரே. இத்தாலியில் 1680 ஆம் ஆண்டு பிறந்த இவர், 1711 ஆம் ஆண்டு மதுரைப் பணித்தளத்தை அடைந்தார். தமிழ் ஒன்றெனினும் அது வழங்கும் நிலை இரண்டு என்பதனை இவர் நன்குணர்ந்து, கற்பார்க்கு இரண்டு இலக்கணங்களைத் தனித்தனியே இலத்தீனில் வகுத்தார். ஒன்று நாட்டில் மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கு உரியது. மற்றொன்று நூல்வழக்காகிய செந்தமிழுக்கு உரியது. தேநீர்க் கடையில் நம் நண்பர் செய்ததெல்லாம் செந்தமிழ் நெறியைக் கொடுந்தமிழ் வழங்கும் இடத்தில் ஆண்டமையே. அது பிழையன்று, இடமாறாட்டம் அவ்வளவே. அவ்விருவகை வழக்கும் உள என்பதனை எடுத்துரைக்க வேண்டியவர் நாமன்றோ!

1728 ஆம் ஆண்டு எழுதப்பெற்ற அக்கொடுந்தமிழ் இலக்கணம், 1738 ஆம் ஆண்டு தரங்கம்பாடி அச்சகத்திலேயே அச்சாயிற்று என்பது வியக்கத்தக்கது. தரங்கம்பாடியார் லுத்தர் நெறியினர். முனிவரோ இயேசு சபையார். இருதிறத்தாரும் ஒருவரையொருவர் கடிந்து நூல் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. ஆயினும் மொழி கற்பிக்கும் நல்ல நூலைத் தம் மாற்றார் இயற்றினார் என்பதற்காக அவர்கள் தள்ளிவிட்டாரல்லர். முனிவர் 3,615 செய்யுட்கள் கொண்ட தேம்பாவணியைப் பாடியதும், 1732 ஆம் ஆண்டு பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நால்வகைப் பகுப்பில் சதுரகராதியைத் தொகுத்ததும் யாவரும் அறிந்தனவே. அத்தகையார், புதிதாகத் தமிழ் பயில்வார் எளிய நடையில் வாசித்துப் பழகும்பொருட்டுப் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார் என்பதனை நோக்குங்கால், காப்பியம் பாடிய கைக்கும் தொடக்க மாணவர் இன்றியமையாதவராகத் தோன்றினர் என்பது புலனாகும்.

இக்கற்றோர் பெயர்களை உலகம் போற்றுகின்றது, தகுவதே. ஆனால் அவர்க்குக் கற்பித்தோர் யாவர்? 1839 ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, பிற்காலத்தே திருக்குறளை 1886 ஆம் ஆண்டிலும், நாலடியாரை 1893 ஆம் ஆண்டிலும், திருவாசகத்தைத் தம் எண்பதாம் வயதில் 1900 ஆம் ஆண்டிலும் ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையர்க்கு ஆசிரியராயிருந்தவர் முகவை இராமாநுச கவிராயர். இவர் பெயரை நம்முள் எத்துணையர் அறிவர்? சீகன்பால்கு ஐயர்க்கு மணலில் எழுத்துக் காட்டிய முதியவர், நண்பகல் வரை உடனிருந்த புலவர், செபங்களுக்குத் தமிழ் தேடிக்கொடுத்த கடற்கரை மக்கள் ஆகிய இவரனைவரும் புகழின்றிக் கற்பித்தவர். பிறநாட்டார் நாவில் 'ழ'கரம் புரளாதபோதும், 'ல'வும் 'ள'வும் மயங்கியபோதும், ஒரே சொல்லைப் பத்துமுறை சொல்லிக்கொடுத்த பொறுமையே அவர்தம் கொடை. அவர்கள் நகைத்துவிட்டு அகன்றிருப்பின் மேற்கூறிய நூல்களுள் ஒன்றேனும் தோன்றியிராது.

இவற்றையெல்லாம் கற்றபின், ஒருநாள் இரவு நண்பரிடம் சென்று நம் செயலுக்கு வருந்துவதாகக் கூறினோம். அவர் நெடுநேரம் ஒன்றும் கூறாதிருந்து, பின்னர், "அப்படியானால் கடையில் எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று தமிழிலேயே வினவினார். அன்றுமுதல் நாள்தோறும் அரைமணி நேரம் அவர்க்குப் பேச்சுத்தமிழ் கற்பிக்கின்றோம். கைம்மாறாக அவர் நமக்கு மிசோ மொழி கற்பிக்கின்றார். அம்மொழியில் ஒரே அசை, ஒலிப்பின் ஏற்ற இறக்கத்தால் வெவ்வேறு பொருள்படும். 'நன்றி' எனப் பொருள்படும் 'க லோம் ஏ' என்னும் தொடரைச் செம்மையாகச் சொல்ல நமக்கு ஐந்து நாள் ஆயிற்று. அவ்வைந்து நாளும் அவர் ஒருமுறையேனும் நகைத்தாரல்லர்.

நம் கல்லூரிக்கு ஆண்டுதோறும் பிறமொழி மாணவர் பலர் வருகின்றனர். அவர்கள் தமிழ் கற்பதும் கல்லாது ஆங்கிலத்தோடு மீள்வதும், அவர்கள் முதன்முதல் தமிழில் வாய்திறக்கும்பொழுது அருகிலிருக்கும் நாம் யாது செய்கின்றோம் என்பதைப் பொறுத்தனவாம். தமிழை வளர்க்க வேண்டும் என மேடையேறிப் பேசும் நாம், இச்சிறு கடமையை மறவாதிருப்போமாக.