செம்பனை எண்ணெயிலும் இருக்கிறது கரிம இரசாயனம்

மருத்துவம், மருந்தியல் படிக்க விரும்பும் தோட்டப்புற மாணவர்களில் பலர் அஞ்சுவது கரிம இரசாயனத்திற்கே. 2012இல் எஸ்.டி.பி.எம். தேர்வு தவணை முறைக்கு மாறியது. இப்பகுதி மூன்றாம் தவணையில் வருகிறது. கடைசித் தவணையில் சறுக்கினால் மொத்தப் புள்ளியும் இறங்கும். கேட்ட துறை கைநழுவலாம்.

இதற்கு மனப்பாடம் மட்டும் போதாது. மூலக்கூற்றில் வினை நடக்கும் இடம் எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மலேசியாவில் வணிக முறைச் செம்பனைப் பயிர் 1917இல் தொடங்கியது கோலசிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில்தான். செம்பனை எண்ணெயிலிருந்து கிடைக்கும் பால்மிடிக் அமிலத்தில் 16 கரிம அணுக்கள். அவற்றிடையே இரட்டைப் பிணைப்பு இல்லை. ஒலியிக் அமிலத்தில் 18 கரிம அணுக்கள். ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. ஆகவே, புரோமின் நீரின் நிறத்தைப் போக்குவது ஒலியிக் அமிலமே. ஆனால், இரண்டிலும் கார்பாக்சில் தொகுதி இருப்பதால் சோடியம் ஹைட்ராக்சைடுடன் இரண்டுமே சோப்பு தரும். தேர்வில் கேட்கப்படுவதும் இத்தகைய வேறுபாடுதான்.

தினமும் ஒரு பழைய கேள்வியை எடுங்கள். அமைப்பை வரைந்து, தொகுதியை வட்டமிட்டு, வினைப்பொருளையும் சூழலையும் எழுதுங்கள். பக்கத்தில் காரணத்தை ஒரு வரியில் குறியுங்கள். காரணம் தெரிந்துவிட்டால், புதிய கேள்வி வந்தாலும் பயமில்லை.