ஹாட்ரிக்கை விட அபூர்வமானது எது? ஒருநாள் கிரிக்கெட்டில் பவுலர்கள் செய்த அரிய சாதனைகள்... ஒரு விளக்கம்!

2007 மார்ச் 28. வெஸ்ட் இண்டீஸில் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. கயானாவில் இலங்கையும் தென்னாப்பிரிக்காவும் மோதின. 210 ரன்கள் இலக்கு. தென்னாப்பிரிக்கா 5 விக்கெட்டுக்கு 206 ரன்கள் எடுத்துவிட்டது. கையில் 5 விக்கெட், 32 பந்துகள். தேவை வெறும் 4 ரன்கள். மேட்ச் முடிந்தது என்று டிவியை ஆஃப் செய்தவர்கள்கூட இருந்திருப்பார்கள்.

அப்போதுதான் லசித் மலிங்கா அந்த மேஜிக்கை நிகழ்த்தினார். அடுத்தடுத்து அவர் வீசிய 4 பந்துகளில் 4 விக்கெட்!

ஒருநாள் கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன்களின் சாதனைகளைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுகிறோம். இரட்டைச் சதம் யார் அடித்தார், அதிவேக சதம் யாருடையது என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். ஆனால் பவுலர்களின் சாதனைகள்? ஹாட்ரிக்கோடு பேச்சு நின்றுவிடும். உண்மையில் ஹாட்ரிக்கை விடவும் அபூர்வமான விஷயங்கள் இருக்கின்றன. அவை ஏன் அபூர்வம், யார் செய்தார்கள் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

ஹாட்ரிக்: எப்போது கணக்கில் வரும்?

ஒரு பவுலர் தொடர்ந்து வீசும் 3 பந்துகளில் 3 விக்கெட் எடுத்தால் அது ஹாட்ரிக். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டு விஷயங்களில் பலருக்குக் குழப்பம் உண்டு.

முதலாவது, மூன்றும் ஒரே ஓவரில் விழ வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஒரு ஓவரின் கடைசிப் பந்தில் ஒரு விக்கெட், அதே பவுலரின் அடுத்த ஓவரில் முதல் 2 பந்துகளில் 2 விக்கெட் என்றாலும் ஹாட்ரிக்தான். இடையில் வேறு பவுலர் ஓவர் வீசியிருந்தால் பிரச்னை இல்லை.

இரண்டாவது, ரன் அவுட் பவுலரின் கணக்கில் சேராது. தொடர்ந்து 3 பந்துகளில் 3 பேர் அவுட் ஆகி, அதில் ஒன்று ரன் அவுட் என்றால் அது ஹாட்ரிக் இல்லை.

சரி, இது எவ்வளவு கஷ்டம்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு நல்ல பவுலர் சராசரியாக 36 பந்துக்கு ஒரு விக்கெட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பகடைகளை உருட்டி, இரண்டிலும் 6 விழுவதற்கு எவ்வளவு வாய்ப்போ, ஒரு பந்தில் அவருக்கு விக்கெட் விழவும் அவ்வளவுதான் வாய்ப்பு. அது தொடர்ந்து மூன்று முறை நடக்க வேண்டும் என்றால், 46,656-ல் ஒன்று. நான்கு முறை என்றால் சுமார் 16.8 லட்சத்தில் ஒன்று!

நிஜ ஆட்டத்தில் வாய்ப்பு இதைவிடக் கொஞ்சம் அதிகம். காரணம், விக்கெட் விழுந்ததும் வருபவர் புது பேட்ஸ்மேன். பந்தின் வேகமும் பிட்ச்சும் அவருக்கு இன்னும் பிடிபட்டிருக்காது. கடைசி ஓவர்கள் என்றால் வருபவர் பெரும்பாலும் பவுலராகவே இருப்பார். பல ஹாட்ரிக்குகளில் கடைசி வரிசை வீரர்களின் பெயர்கள் இருப்பது இதனால்தான்.

முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டி நடந்தது 1971 ஜனவரியில், மெல்போர்னில். முதல் ஹாட்ரிக்கைப் பார்க்க ரசிகர்கள் 11 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1982 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக பாகிஸ்தானின் ஜலாலுதீன் அதை எடுத்தார். இன்று வரை 4,800-க்கும் மேற்பட்ட ஆண்கள் ஒருநாள் போட்டிகள் நடந்துவிட்டன. ஹாட்ரிக்குகளோ சுமார் ஐம்பதுதான்.

இந்தியாவுக்கு எத்தனை?

ஆண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் இந்தியர்கள் எடுத்த ஹாட்ரிக் மொத்தம் 5.

1987 உலகக் கோப்பையில், நாக்பூரில் நியூசிலாந்துக்கு எதிராக சேத்தன் சர்மா எடுத்ததுதான் முதலாவது. உலகக் கோப்பை வரலாற்றிலும் அதுவே முதல் ஹாட்ரிக். இதில் ஒரு ஸ்பெஷல் உண்டு. ரூதர்ஃபோர்டு, இயான் ஸ்மித், சாட்ஃபீல்டு என மூன்று பேருமே போல்டு! அதே மேட்ச்சில்தான் சுனில் கவாஸ்கர் தன் ஒரே ஒருநாள் சதத்தையும் அடித்தார்.

அடுத்து 1991-ல் ஆசியக் கோப்பை இறுதிப்போட்டியில் இலங்கைக்கு எதிராக கபில் தேவ். அதன்பிறகு 26 ஆண்டுகள் இடைவெளி! 2017-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக கொல்கத்தாவில் குல்தீப் யாதவ் அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தார். 2019-ல் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக விசாகப்பட்டினத்தில் மறுபடியும் எடுத்தார். ஒருநாள் போட்டிகளில் 2 ஹாட்ரிக் எடுத்த ஒரே இந்தியர் இவர்தான்.

ஐந்தாவது, முகமது ஷமியுடையது. 2019 உலகக் கோப்பையில் ஆப்கானிஸ்தானுக்குக் கடைசி ஓவரில் 16 ரன்கள் தேவை. முதல் பந்தில் முகமது நபி பவுண்டரி அடித்து அரைசதம் கடந்தார். இந்திய ரசிகர்களுக்கு இதயத்துடிப்பு எகிறியது. ஆனால் 3, 4, 5-வது பந்துகளில் வரிசையாக விக்கெட். இந்தியா 11 ரன்களில் தப்பியது.

நமக்கு எதிராக எடுக்கப்பட்ட ஒன்றும் மறக்க முடியாதது. 1991-ல் ஷார்ஜா இறுதிப்போட்டியில் பாகிஸ்தானின் ஆகிப் ஜாவித், ரவி சாஸ்திரி, அசாருதீன், சச்சின் டெண்டுல்கர் ஆகிய மூவரையும் அடுத்தடுத்த பந்துகளில் எல்.பி.டபிள்யூ ஆக்கினார். வால் பகுதி வீரர்கள் ஒருவர்கூட இல்லாத ஹாட்ரிக் அது.

4 பந்தில் 4 விக்கெட்: அன்று கயானாவில் என்ன நடந்தது?

மலிங்கா விஷயத்துக்கு வருவோம். 45-வது ஓவரின் 5-வது பந்தில் ஷான் பொல்லாக் போல்டு. 6-வது பந்தில் ஆண்ட்ரூ ஹால் கேட்ச். ஓவர் முடிந்தது. மறுமுனையில் சமிந்த வாஸ் ஒரு ஓவர் வீசினார்.

மலிங்கா மீண்டும் பந்தைக் கையில் எடுத்தார். 47-வது ஓவரின் முதல் பந்திலேயே, 86 ரன்கள் எடுத்திருந்த ஜாக் காலிஸ் கீப்பர் சங்கக்காராவிடம் கேட்ச். ஹாட்ரிக்! அடுத்த பந்து யார்க்கர். மகாயா நிட்டினி போல்டு. நான்கு பந்தில் நான்கு!

ஆண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் இதைச் செய்த ஒரே பவுலர் மலிங்காதான். 2019-ல் நியூசிலாந்துக்கு எதிரான டி20 போட்டியிலும் இதையே செய்து காட்டினார். ஒருநாள் போட்டிகளில் 3 ஹாட்ரிக், உலகக் கோப்பைகளில் மட்டும் 2 ஹாட்ரிக். இரண்டிலும் அவருக்குப் போட்டியே இல்லை.

ஆனால் அன்று ஜெயித்தது யார் தெரியுமா? தென்னாப்பிரிக்கா. கடைசி ஜோடி எப்படியோ தாக்குப்பிடித்தது. ராபின் பீட்டர்சன் அடித்த பவுண்டரியால் 10 பந்துகள் மீதமிருக்க, 1 விக்கெட் வித்தியாசத்தில் அந்த அணி வென்றது. ஆட்டநாயகன் விருதும் மலிங்காவுக்குக் கிடைக்கவில்லை. 5 விக்கெட் எடுத்த தென்னாப்பிரிக்காவின் லாங்கிவெல்ட்டுக்குத்தான் போனது.

ஒரே ஓவரில் 4: வாஸும் சிராஜும்

2003 உலகக் கோப்பை, பீட்டர்மரிட்ஸ்பர்க். வங்கதேசத்துக்கு எதிராக முதல் ஓவரை வீச வந்தார் வாஸ். ஆட்டத்தின் முதல் 3 பந்துகளிலேயே ஹாட்ரிக்! அதே ஓவரில் இன்னொரு விக்கெட்டும் விழுந்தது. ரசிகர்கள் சீட்டில் உட்காருவதற்குள் 4 பேர் பெவிலியனுக்குத் திரும்பிவிட்டார்கள்.

20 ஆண்டுகள் கழித்து இலங்கைக்கே அந்த அனுபவம் கிடைத்தது. 2023 செப்டம்பர் 17, கொழும்பு, ஆசியக் கோப்பை இறுதிப்போட்டி. முகமது சிராஜ் வீசிய ஒரே ஓவரில் நிசங்கா, சமரவிக்ரமா, அசலங்கா, தனஞ்ஜெய டி சில்வா என 4 விக்கெட்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஓவரில் ஹாட்ரிக் கிடையாது! 3-வது, 4-வது பந்துகளில் விக்கெட் எடுத்த சிராஜ், ஹாட்ரிக் பந்தை வீசினார். தனஞ்ஜெய அதை பவுண்டரிக்கு அடித்தார். பந்தைத் துரத்திக்கொண்டு எல்லைக்கோடு வரை ஓடியது பவுலர் சிராஜே! திரும்பி வந்து வீசிய அடுத்த பந்தில் தனஞ்ஜெய அவுட். 16 பந்துகளில் 5 விக்கெட் எடுத்து வாஸின் வேகத்தை சிராஜ் சமன் செய்தார். இலங்கை 50 ரன்களுக்கு ஆல் அவுட்.

8 விக்கெட்: 50 ஆண்டுகளில் ஒரே ஒருவர்

டெஸ்ட்டில் ஒரே இன்னிங்ஸில் 10 விக்கெட்டையும் எடுத்தவர்கள் மூன்று பேர்: ஜிம் லேக்கர், அனில் கும்ப்ளே, அஜாஸ் படேல். ஆனால் ஒருநாள் போட்டியில் 9-ஐக்கூட யாரும் தொட்டதில்லை. 8 விக்கெட் எடுத்ததே ஒருவர்தான். மீண்டும் அதே வாஸ்!

2001 டிசம்பர் 8, கொழும்பு. ஜிம்பாப்வேக்கு எதிராக 8 ஓவரில் 19 ரன்கள் கொடுத்து 8 விக்கெட். அதிலும் ஒரு ஹாட்ரிக் உண்டு. ஜிம்பாப்வே 38 ரன்களுக்கு ஆல் அவுட். இரண்டு அணிகளும் சேர்ந்து ஆடியதே 20 ஓவர்கள்தான்.

முதல் 8 விக்கெட்டும் வாஸுக்கே. இன்னும் 2 ஓவர்கள் பாக்கி. 10 விக்கெட் கனவு கண்ணுக்கெதிரே தெரிந்தது. ஆனால் மறுமுனையில் பந்து வீசியவர் முத்தையா முரளிதரன்! தான் வீசிய 4 பந்துகளுக்குள் மீதி இரண்டு விக்கெட்டையும் அவர் எடுத்துவிட்டார். இதில் இன்னொரு சுவாரஸ்யம், அன்று வாஸ் முறியடித்ததே முரளியின் சாதனையைத்தான். 2000-ல் ஷார்ஜாவில் இந்தியாவுக்கு எதிராக 30 ரன்களுக்கு 7 விக்கெட் எடுத்திருந்தார் முரளி.

ஏன் 10 விக்கெட் சாத்தியமாகவில்லை? விதியிலேயே பதில் இருக்கிறது. டெஸ்ட்டில் ஒரு பவுலர் நாள் முழுக்க வீசலாம். ஒருநாள் போட்டியில் அதிகபட்சம் 10 ஓவர், அதாவது 60 பந்துகள். அந்த 60 பந்துகளுக்குள் அவரே பத்துப் பேரையும் வீழ்த்த வேண்டும். மறுமுனையில் இருப்பவருக்கு ஒரு விக்கெட்கூட விழக் கூடாது. ரன் அவுட்டும் கூடாது. உள்நாட்டு 50 ஓவர் போட்டிகளிலும் உச்சம் 8 விக்கெட்தான். 2018-ல் நம்ம சென்னையில், ராஜஸ்தானுக்கு எதிராக 10 ரன்களுக்கு 8 விக்கெட் எடுத்த ஜார்க்கண்ட் ஸ்பின்னர் ஷபாஸ் நதீமுடையது அந்தச் சாதனை.

விக்கெட் மட்டும்தான் சாதனையா?

இல்லை. 1992 டிசம்பர், சிட்னி. பாகிஸ்தானுக்கு எதிராக வெஸ்ட் இண்டீஸின் ஃபில் சிம்மன்ஸ் வீசிய கணக்கைப் பாருங்கள்: 10 ஓவர், 8 மெய்டன், 3 ரன், 4 விக்கெட். 60 பந்துகளில் மூன்றே ரன்கள்! இத்தனைக்கும் அவர் முழுநேர பவுலர்கூட இல்லை, தொடக்க பேட்ஸ்மேன். ஒரே ஓவரில் 20 ரன்கள் போகும் இன்றைய கிரிக்கெட்டில், இந்தச் சாதனைதான் முறியடிக்கவே முடியாதது என்று தோன்றுகிறது.

இந்தியாவுக்கும் இப்படி ஒரு பக்கம் உண்டு. ஒரு பவுலருக்கு 12 ஓவர் அனுமதிக்கப்பட்ட 1975 உலகக் கோப்பையில், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எதிராக பிஷன் சிங் பேடி 12 ஓவரில் 8 மெய்டன் வீசி, 6 ரன்கள் மட்டுமே கொடுத்தார். ஒருநாள் கிரிக்கெட்டில் இந்தியாவின் முதல் வெற்றி அந்த மேட்ச்தான்.

பேட்ஸ்மேன் பவுலராக மாறிய கதை நம்ம ஊரிலும் இருக்கிறது. அதிரடி ஓப்பனராக நாம் கொண்டாடிய சென்னையின் ஸ்ரீகாந்த், 1988 டிசம்பரில் நியூசிலாந்துக்கு எதிரான ஒரே தொடரில் இரண்டு முறை 5 விக்கெட் எடுத்தார். விசாகப்பட்டினத்தில் 70 ரன்கள் அடித்துவிட்டு 27 ரன்களுக்கு 5 விக்கெட். இந்தூரில் 32 ரன்களுக்கு 5. அவருடைய மொத்த ஒருநாள் விக்கெட்டுகளே 25. அதில் பத்து இந்த இரண்டு மேட்ச்களில் வந்தவை!

மகளிர் கிரிக்கெட்டில் இன்னும் ஆச்சரியம். 2003-ல் ஆம்ஸ்டர்டாமில் ஜப்பானுக்கு எதிராக பாகிஸ்தானின் சஜிதா ஷா 4 ரன்கள் மட்டுமே கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 15.

சாதனை வந்தால் வெற்றி நிச்சயமா?

பெரும்பாலும் ஆம். ஆனால் எப்போதும் அல்ல. மலிங்காவைப் போலவே, 2019 உலகக் கோப்பையில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்த நியூசிலாந்தின் டிரென்ட் போல்ட்டும் அன்று தோல்வியோடுதான் திரும்பினார்.

ஒரு பேட்ஸ்மேன் கடைசி வரை களத்தில் நின்று தனியாளாக மேட்ச்சை முடித்துவைக்கலாம். பவுலருக்கு அந்த வசதி கிடையாது. 6 பந்துகள் வீசியதும் பந்தை இன்னொருவரிடம் கொடுத்தே ஆக வேண்டும். 60 பந்துகள் முடிந்தால் வேடிக்கைதான் பார்க்க முடியும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்று செய்ததால்தான் வாஸின் 8 விக்கெட்டும், மலிங்காவின் 4 பந்துகளும் இன்னும் தனியாகவே நிற்கின்றன.

அடுத்த முறை ஒரு பவுலர் அடுத்தடுத்து 2 விக்கெட் எடுத்தால், மூன்றாவது பந்தோடு சேனலை மாற்றிவிடாதீர்கள். நான்காவது பந்தையும் பார்த்துவிடுங்கள்!