பாயில் கிடக்கும் பகா எண்

மாத்தளைப் பக்கம் மிளகுக் காலத்தில் முற்றமெல்லாம் பாய் விரிந்து கிடக்கும். கொடியிலிருந்து பறித்து உதிர்த்த பச்சை மணிகள் வெயில் குடித்து, சுருங்கி, கறுத்து மணக்கும். அந்தப் பாயோரம் அமர்ந்து பன்னிரண்டு மணிகளை எடுத்து அடுக்கிப் பாருங்கள். நான்கு நான்காக மூன்று வரிசை நிற்கும். ஆறு ஆறாக இரண்டு வரிசையும் நிற்கும். இன்னும் ஒரே ஒரு மணியைச் சேருங்கள். எத்தனை வரிசையாகப் பிரித்தாலும் மணிகள் மிஞ்சும், அல்லது குறையும். ஒற்றை நெடுவரிசையில் மட்டுமே பதின்மூன்று அமைதி கொள்ளும்.

பாடசாலையில் இதை முதன்மை எண் என்று படித்தோம். தமிழ்நாட்டார் பகா எண் என்பர். பிரிபடாதது என்று பொருள்படும் அந்தச் சொல்தான் எனக்குப் பிடித்தது. மாசியில் நம் முத்துமாரியம்மனுக்கு ஓடும் தேர்களும் ஐந்து, பகா எண்தான்.

ஒரு மணியை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, இரட்டித்துக்கொண்டே போய் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் 3, 7, 31, 127 எனப் பகா எண்கள் சில பூக்கும். எப்போதும் பூக்காது. பதினொரு முறை இரட்டித்து ஒன்று கழித்த 2047, பார்வைக்குப் பகா எண் போலிருந்தும் 23க்கும் 89க்கும் பிறந்த பிள்ளை. பிரெஞ்சுத் துறவி மெர்சென்னின் பெயர் தாங்கிய இந்த அபூர்வக் குடும்பத்தில் இதுவரை நாம் அறிந்தவை 52 மட்டுமே.

அவற்றுள் மிகப் பெரியதை, தன்னார்வலர்கள் தம் கணினிகளைக் கொடுத்துத் தேடும் கூட்டு முயற்சியில், 2024 ஒக்டோபரில் லூக் டுரான்ட் கண்டெடுத்தார். 136,279,841 முறை இரட்டித்து ஒன்று கழித்தது அது. அதற்கு 41,024,320 இலக்கங்கள். நினைவில் சுமந்த திரிபிடகத்தை அலுவிகாரையில் ஓலையில் ஏற்றிய பிக்குகளைப்போல யாராவது இதையும் எழுத உட்கார்ந்தால், விநாடிக்கு ஓர் இலக்கம் வீதம், இரவு பகல் கண் மூடாமல் 475 நாள் ஆகும். ஆனால் ஒன்றும் பூச்சியமும் மட்டுமே கொண்ட கணினியின் துவித எழுத்தில் அதே எண் எவ்வளவு எளிமையாகிவிடுகிறது! ஒன்று, ஒன்று, ஒன்று என்று முழுவதும் ஒன்றுகளே. நடுவில் ஒரு பூச்சியம்கூடக் கிடையாது. இத்தனை பெரிய உடம்புக்குள் இத்தனை சிறிய உயிர்.

ஒன்றைவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவே ஒரு பகா எண்ணாவது உண்டு. ருஷ்யர் செபிஷேவ் முதலில் நிறுவிய இதை, கும்பகோணத்து இராமானுஜன் 1919இல் இரண்டே பக்கங்களில் நிறுவிக் காட்டினார். அப்படியென்றால் இந்தப் பெரும் எண்ணை இன்னும் ஒரு முறை இரட்டிப்பதற்குள் வேறொரு பகா எண் நிச்சயம் காத்திருக்கிறது. அதன் முகத்தை இன்னும் எவரும் கண்டதில்லை.

வெயில் சாய்கிறது. பாயைச் சுருட்டுகிறோம், மணிகளை எண்ணாமலே.