வளையலை அடகு வைத்து வாங்கிய கார்

"பெண்கள் பத்திரிகையில் போய் டீசல் காரைப் பற்றி எழுதப் போகிறாயா? சாம்பார்ப் பொடி பக்குவம் எழுது, நாலு பேர் படிப்பார்கள்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். நான் விடவில்லை. அடகுக்குப் போனது அவருடைய கைக்கடிகாரம் அல்ல. என்னுடைய ஆறு பவுன் வளையல். அந்தப் பணத்தில் வாங்கிய பொருளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லையா, நீங்களே சொல்லுங்கள்!

எங்கள் ஊர் செட்டியார்பட்டி. ராஜபாளையத்துக்குப் பக்கம், தளவாய்புரத்தை ஒட்டி இருக்கிறது. தெருவில் நடந்தால் தையல் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நைட்டி தைப்பதுதான் இந்தப் பக்கத்துப் பிழைப்பு. நாங்களும் அதைத்தான் செய்கிறோம். வாரம் ஒரு முறை மதுரைக்குச் சரக்கு போக வேண்டும். அத்தைக்கு இருதயக் கோளாறு வந்ததிலிருந்து அதே மதுரைக்கு ஆஸ்பத்திரி நடை வேறு. பஸ்ஸில் மூட்டையையும் தூக்கிக்கொண்டு, மாமியாரையும் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கி, இடுப்பில் சின்னவனையும் வைத்துக்கொண்டு... ஒரு நாள் திருமங்கலத்தில் அத்தை மயங்கிச் சாய்ந்துவிட்டார்கள். அன்று இரவே சொல்லிவிட்டேன், "வளையலை வச்சிருங்க. ஒரு பழைய காரைப் பாருங்க" என்று. இது 2024 தை மாதத்தில்.

முதலில் டீசலா, பெட்ரோலா என்ற கேள்வி. எல்லோரும் "டீசல்தான் லாபம்" என்றார்கள். நான் பால் கணக்கு எழுதும் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். அப்போது சென்னையில் பெட்ரோல் லிட்டர் சுமார் 103 ரூபாய், டீசல் 94 ரூபாய். பெட்ரோல் வண்டி லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர், டீசல் வண்டி பதினெட்டு என்று வைத்துக்கொண்டேன். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் டீசலில் சுமார் 1,600 ரூபாய் மிச்சம். மாதம் 300 கிலோமீட்டர்தான் என்றால் மிச்சம் ஐந்நூறு ரூபாய்கூட இல்லை! டீசல் வண்டியில் ஒரு இன்ஜெக்டர் கெட்டால் வருஷக் கணக்கில் சேர்த்த அந்த மிச்சம் ஒரே நாளில் போய்விடும். ஆகவே பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும், வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகவும் மட்டும் கார் வேண்டுமென்றால், தயவு செய்து டீசல் பக்கம் போகாதீர்கள். எங்களுக்கு மதுரை நடையே மாதம் 800 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. அதனால்தான் துணிந்தோம்.

இன்னொரு சங்கதி. சந்தையில் கிடைக்கும் பழைய டீசல் கார்கள் பலவும் 2010-லிருந்து 2014 வரை விற்றவை. ஏன் தெரியுமோ? 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம் இருந்தது. ஜனங்கள் டீசல் காருக்கு ஆலாய்ப் பறந்தார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசாங்கம் எடுத்த பிறகு அந்த மோகம் மெல்ல அடங்கியது. மாருதி கம்பெனி 2020 ஏப்ரலோடு டீசல் காரையே நிறுத்திவிட்டது. காருக்கு ஆர்.சி. பதினைந்து வருஷம்தான். அப்புறம் எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2012 வண்டியை மலிவு என்று வாங்கினால் 2027-இல் அந்தச் செலவு வாசலில் வந்து நிற்கும்.

முதல் காரைப் பார்க்கப் போன கதையைக் கேளுங்கள். பக்கத்து ஊர்க்காரர், பெயர் வேண்டாம். வண்டி கண்ணாடி மாதிரி பளபளவென்று நின்றது. சாவியைப் போட்டதும் ஒரே திருகில் புறப்பட்டது. இவர் முகம் மலர்ந்துவிட்டது. பையில் அட்வான்ஸ் இருபதாயிரம் வேறு! எங்களோடு வந்த மெக்கானிக் தம்பி என் காதருகே, "அக்கா, பானட்டைத் தொட்டுப் பாருங்க" என்றான். தொட்டேன். தோசைக் கல்லை இறக்கி வைத்துப் பத்து நிமிஷம் ஆனால் எப்படி இருக்கும், அந்தச் சூடு!

"ஏன் அண்ணாச்சி, வண்டி எங்கயும் போயிட்டு வந்துச்சா?" என்று கேட்டேன். "இல்லம்மா, காலையில இருந்து இங்கனதான் நிக்குது" என்றார் அவர். இவர் என்னை முறைத்தார். "நாளைக்கு விடிய வாரோம். அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று சொல்லி இவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழி நெடுக எனக்குத் திட்டு.

மறுநாள் காலை ஆறு மணி, தை மாதக் குளிர். அதே வண்டி நாலு திருகு வாங்கியது. பிறகு இருமிக்கொண்டே எழுந்தது. பின்னால் நீலப் புகை. தம்பி எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தான். இட்லிப் பானை மூடியைத் திறந்தது போலக் குபுகுபுவென்று ஆவி. "அக்கா, உள்ளே தேஞ்சு போச்சு" என்றான். எல்லா எஞ்சினிலும் லேசாக ஆவி வரும். இப்படிப் பொங்கக் கூடாதாம்.

ஏன் குளிர்ந்த எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும் என்பதை அவனிடமே கேட்டேன். பெட்ரோல் எஞ்சினில் பொறி தட்டிப் பற்ற வைக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசலில் அது கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தி, அந்த அழுத்தத்தில் வரும் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன்காரர் 1897-இல் ஓட்டிக் காட்டிய வித்தை இது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அழுத்தம் கசியும். அழுத்தம் கசிந்தால் சூடு வராது. குளிரில் வண்டி எழும்பாது. ஏற்கெனவே சூடாக்கி வைத்துவிட்டால் இந்தக் குறை வெளியே தெரியாது. ஹீட்டர் பிளக் போயிருந்தாலும் காலையில் மக்கர் செய்யும். அது சின்னச் செலவு. ஆகவே காரணம் தெரியாமல் பயப்படவும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம். கூட ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போங்கள். விற்பவர் கூட்டி வரும் மெக்கானிக் வேண்டாம்!

புகைக்கு நிறம் உண்டு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ரிங்கோ டர்போவோ தேய்ந்திருக்கிறது. வெள்ளைப் புகை காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றால் பெரிதில்லை. சூடான பிறகும் நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதோ, இன்ஜெக்டர் சரியில்லையோ என்று பார்க்க வேண்டும். திடீரென்று அழுத்தும்போது லேசாகக் கறுப்பு வருவது பழைய டீசலில் சகஜம். சீராக ஓடும்போதும் கரும்புகை என்றால் ஏர் ஃபில்டரோ இன்ஜெக்டரோ டர்போவோ கவனம் கேட்கிறது. ஆயில் கறுத்திருக்கிறதே என்று நான் பயந்தேன். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிச் சில நாளிலேயே கறுத்துவிடுமாம். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால்தான் ஆபத்து. ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். ரேடியேட்டரைச் சூட்டோடு திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். ஆறியபின் திறந்து, ரசத்தில் எண்ணெய் மிதப்பது போல் மிதக்கிறதா என்று பாருங்கள்.

இந்தப் புகை சமாசாரம் பணத்தோடு நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அதனால் ஓட்டிப் பார்க்கும்போது ஆண்கள் முன்னால் உட்காரட்டும். நாம் பின் சீட்டில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏ.சி.யையும் நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். உள்ளே புகை நாற்றமோ டீசல் வாடையோ வந்தால் எங்கோ கசிகிறது. பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வரும் இடம் அதுதான் அல்லவா?

இரண்டாவதாக ஒரு புரோக்கர் காட்டிய வண்டி டெல்லி நம்பர். விலை எண்பதாயிரம் குறைவு. டெல்லி வட்டாரத்தில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025-இல் நீதிமன்றம் இதில் கொஞ்சம் தளர்வு காட்டியது வேறு கதை. அந்த வண்டிகள்தான் தெற்கே மலிவாக வந்து குவிந்தன. வாங்கினால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே வரி கட்டி நம்பர் மாற்ற வேண்டும். கணக்குப் போட்டால் எண்பதாயிரம் மிச்சம் எங்கே போனதென்றே தெரியாது. வேண்டாமென்று விட்டோம்.

மூன்றாவது கார் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அங்கே பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! தண்ணீரில் நின்ற வண்டியைக் கழுவித் துடைத்துப் புதுச் சீட் உறை போட்டு விற்றால் நமக்கு என்ன தெரியும்? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். மேலே சுத்தம், அடியில் காய்ந்த சேறு. ஸ்டெப்னி கிடக்கும் குழியிலும் வண்டல். வாசனைத் திரவியத்தைத் தாண்டி ஒரு பூசண வாடை, மழைக்காலத்தில் காயாத துணியை மடித்து வைத்தது போல. வெள்ளத்தில் நின்ற வண்டியை அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து ராடு வளைந்திருக்கலாம். ஒயரிங் உப்புப் பூத்து ஒவ்வொன்றாகச் சாகும்.

கடைசியில் கிடைத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், 2014 மாடல். மீட்டரில் ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர். "இவ்வளவு ஓடியிருக்கே!" என்று இவர் தயங்கினார். எனக்கோ அதுதான் பிடித்தது. டீசல் வாங்கிய மனுஷன் ஓட்டத்தானே வாங்கியிருப்பான்? பத்து வருஷ டீசல் வண்டி நாற்பதாயிரம் காட்டினால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெடல் ரப்பர் தேய்ந்து வழுவழுப்பாகி, ஸ்டியரிங் தோல் உரிந்து, மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். இவர் சர்வீஸ் ரசீதுகளைக் கோத்து வைத்திருந்தார், கிலோமீட்டர் வரிசையாக ஏறியிருந்தது. எஞ்சின் ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர். மாருதி, டாடா, ஃபியட் என்று பல வண்டிகளில் அதே எஞ்சின்தான். அதனால் எங்கள் ஊர்ப் பக்கமே பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் உண்டு.

ஓட்டிப் பார்த்தோம். நாலாவது கியரில் அழுத்தினால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் போய்விட்டது. இதில் அது இல்லை. சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைந்தது. அது எரியவே இல்லை என்றால் யாரோ பிடுங்கிவிட்டிருக்கிறார்கள் என்று சந்தேகியுங்கள். ஓட்டுபவருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய மலிவு மாடல்கள் பலவற்றில் கிடையாது. பின் சீட் பெல்ட்டுகளைச் சீட்டுக்கு அடியில் சொருகி வைத்திருந்தார்கள். வெளியே எடுத்து மாட்டிப் பார்த்தேன். பின் கதவில் சைல்ட் லாக் வேலை செய்கிறதா என்றும் பார்த்தேன்.

ஆனால் காகிதத்தில் ஒரு முடிச்சு இருந்தது. எம்பரிவாகன் செயலியில் நம்பரைத் தட்டினால் வண்டி விவரம் வருகிறது. அதில் ஒரு பைனான்ஸ் பெயர் இன்னும் நின்றது. "அதெல்லாம் அடைச்சு ரெண்டு வருஷமாச்சும்மா" என்றார் விற்பவர். நல்ல மனிதர்தான். ஆனாலும் கடன் தீர்ந்த கடிதமும் படிவம் 35-ம் கொடுத்து ஹெச்.பி. கேன்சல் ஆன பிறகுதான் மீதிப் பணம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மூன்று வாரம் ஆனது. இவர் பொறுமை இழந்து, "வேற யாராவது தட்டிக்கிட்டுப் போயிருவான்" என்று தினமும் புலம்பினார். போகட்டுமே! வளையல் போனால் வருமா?

பிறகு படிவம் 29, 30-இல் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாற்றினோம். இன்ஷூரன்ஸையும் பதினாலு நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நம் வண்டி இடிபட்டால் பணம் வாங்குவது பாடுதான். கார் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வண்டி யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெறும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள்.

கார் வந்து ஒன்றரை மாதம் இருக்கும். அத்தையோடு மதுரையிலிருந்து திரும்பும்போது கல்லுப்பட்டி தாண்டி ஒரு டயர் பஞ்சர். ஸ்டெப்னியை எடுத்தால் வெடிப்பு வெடிப்பாக இருக்கிறது! டயரின் பக்கவாட்டில் நாலு எண் போட்டிருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். அதில் 1114. பத்து வருஷ டயர்! நாலு சக்கரத்தையும் தட்டித் தட்டிப் பார்த்த மெக்கானிக் தம்பியும் நானும் ஐந்தாவதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர் ஒரு லாரியில் ஏறி டயர் வாங்கி வரப் போனார். அத்தை புளியமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தபடி என்னைப் பார்த்தார்கள்.

"பெல்ட்டு, புகை, பேப்பருன்னு எல்லாத்தையும் மோந்து பாத்தியே தாயீ... டயரை மட்டும் எனக்குன்னு மிச்சம் வச்சியாக்கும்?"